ஒன்பது முழக் கோடி

பெரிய வெள்ளிக்கிழமை அன்றைக்குச் சவரியார்கோட்டையில் ஒரு பொம்பளை தலையிலும் பூ இருக்காது. ஆண்டவர் செத்துக் கிடக்கிற நாளில் பூ என்ன வேண்டிக் கிடக்கிறது! ஆனால் ஒருத்திக்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாது. மேலரண்மனை மருமகள் நாலு முழம் மல்லிகையைத் தலை கொள்ளாமல் வைத்துக்கொண்டுதான் அன்றைக்குக் கோயிலுக்கு வரவேண்டும்.

ஏன் என்று கேட்டால் இதுதான். சிலுவையிலிருந்து இறக்கிய சேசுநாதர் சுரூபத்துக்குப் போர்த்துகிற கோடித்துணி மேலரண்மனைச் சீர். ஒன்பது முழம் வெள்ளைத் துணி. அந்த வீட்டுத் துரை தன் கையால் போர்த்துவார். துணி வைத்த தாம்பாளத்தைப் புருஷன் உயிரோடு இருக்கிற மருமகள் தூக்கி வருவாள். அவள் பூவும் தாலியுமாக இருந்தாக வேண்டும். வேதத்தில் இல்லாத சட்டம்தான். வேதத்தில் இல்லாததைத்தானே நம்ம ஆட்கள் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுவார்கள்!

நம்ம ரோஸ்மேரி காலையிலிருந்து அந்தப் பூப்பந்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

முன்கதையை ஒருதரம் தொட்டுவிட்டுப் போய்விடுவோம். அரண்மனை என்றதும் யானையும் அம்பாரியும் நினைத்துவிடாதீர்கள். வடமதுரையிலிருந்து குஜிலியம்பாறை போகிற ரோட்டில் இறங்கி, கரட்டுக் காட்டுக்குள் ரெண்டு மைல் நடந்தால் வருகிற ஊர் இது. ஜமீன் ஒழிந்து போன பிறகு, இந்த ஐம்பத்தஞ்சாம் வருஷத்தில், மேலரண்மனையில் ஒழுகாத அறை மூன்றே மூன்று. பெரியவர் ராயப்பதுரைக்கு ஒற்றை மகன் சந்தியாகு. ஜமீன் கைவிட்டுப் போகப்போகிறது என்று தெரிந்ததும், "நான் ஏர் பிடிக்கவா பொறந்தேன்?" என்று நாற்பத்தேழில் பர்மாவுக்குக் கப்பலேறிப் போனவன். மோல்மேனில் ஒரு அரிசி மில்லில் மேனேஜர் வேலை. ரோஸ்மேரி கழுத்தில் அவன் தாலி கட்டி அப்போது ஏழே மாசம்.

அவன் போய்க் கொஞ்ச நாளில் அங்கே உள்நாட்டுச் சண்டை மூண்டுவிட்டது. ஒரே மண்ணில் பிறந்தவன் ஒருத்தனை ஒருத்தன் சுட்டான், ரயிலைக் கவிழ்த்தான், ஆற்றில் போகிற படகை மறித்தான். வருஷத்துக்கு நாலு வந்த கடுதாசி ரெண்டானது, ஒன்றானது. கடைசிக் கடுதாசி வந்து ரெண்டு கிறிஸ்துமஸ் கழிந்துவிட்டது.

பதினைந்து நாளைக்கு முன்னால் பேகம்பூர் தோல் வியாபாரி சேக் பரீது அரண்மனைக்கு வந்திருந்தார். மோல்மேன் கடையைச் சண்டைக்குப் பயந்து மூடிவிட்டு ஊர் திரும்பியவர். மாமனாரும் அவரும் முன்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். ரோஸ்மேரி காப்பி கொண்டுபோய் வைத்தாள். பரீது காப்பியையும் தொடவில்லை, அவள் முகத்தையும் பார்க்கவில்லை. "பாயும் அவனப் பாத்து ஒரு வருசமாச்சாம் தாயி. அங்க சண்டை இன்னும் ஓயலயாம்" என்று மாமனார் அப்புறம் சொன்னார்.

காப்பியைத் தொடாமல் போன மனுஷன்தான் அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தார்.

"நாச்சியா, கஞ்சி கொண்டாரட்டா?" என்று வந்து நின்றாள் சமையல்கட்டு மாயம்மாள்.

"என்ன மாயம்மா, இன்னிக்கு ஒருசந்தின்னு தெரியாதா ஒனக்கு? மூணு மணிச் சடங்கு முடியாம பச்சத்தண்ணி பல்லுல படாது."

"எனக்குத் தெரியுது. தொரதான் குடிக்கச் சொன்னாக. 'அந்தப் புள்ள வெறும் வயித்தோட கெடக்க வேணாம், ஒடம்பு தாங்காது'ன்னாக."

ரோஸ்மேரி நிமிர்ந்து பார்த்தாள். போன வருஷம் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு வாய் சீரகத் தண்ணீர் குடித்ததற்கு, "அரண்மனை மருமகளுக்கு நாக்கு இம்புட்டு நீளமா?" என்று கேட்ட மனுஷன். இந்த வருஷம் என்ன வந்தது? உடம்பு எதைத் தாங்காது?

"தொர எங்க?"

"கோயிலுக்குப் போயிருக்காக. கீழரண்மனை ஆளுக ஆசந்தியத் தொடக்கூடாதுன்னு காலையிலயே அங்க மல்லுக்கட்டு. போறப்ப இந்தச் சாவியக் குடுத்தாக. கோடித்துணிய நீங்களே எடுத்துத் தட்டுல வச்சு, சாம்பிராணி காட்டி வைக்கணுமாம்."

கீழரண்மனை என்றால் சின்னப்பதுரை வீடு. ராயப்பதுரைக்குச் சித்தப்பா மகன். பர்மாச் சண்டை பேப்பரில் வருகிறது, சவரியார்கோட்டைச் சண்டை வருவதில்லை, அம்புட்டுத்தான் வித்தியாசம். ரெண்டு பக்கமும் வைக்கோல்போர் எரிந்திருக்கிறது. சேசுநாதர் சுரூபத்தைக் கிடத்தித் தூக்கிப்போகிற இதே ஆசந்திப் பாடையை யார் முன்கொம்பில் தூக்குவது என்று ஒரு பெரிய வெள்ளியில் குத்துப்பட்டுச் செத்தவன் கல்லறை கோயிலுக்குப் பின்னாலேயே இருக்கிறது. ரெண்டு வருஷம் கோயிலே பூட்டிக் கிடந்து, அப்புறம் மேலிடத்துச் சாமிமார்கள் வந்து தீர்ப்புச் சொன்னார்கள். கோடியும் முன்கொம்பும் மேலரண்மனைக்கு. ஆனால் அந்த வீட்டில் துக்கம் விழுந்து ஒரே ஒரு வருஷம் தவறினாலும் உரிமை கீழரண்மனைக்குப் போய்விடும். போனால் போனதுதான், திரும்பாது.

சாவியை வாங்கிக்கொண்டு மாமனார் அறைக்குப் போனாள் ரோஸ்மேரி. எட்டு வருஷமாக அவர்தான் துணியை எடுத்துக் கொடுப்பார். பெட்டிச் சாவி அவர் இடுப்பை விட்டு இறங்கி அவள் பார்த்ததில்லை.

தேக்குப் பெட்டி. திறந்ததும் கற்பூர வாசம் வந்தது. மேலேயே புதுத்துணி மடிப்புக் கலையாமல் இருந்தது. போன சனிக்கிழமை கிழவர் தானே பஸ் ஏறித் திண்டுக்கல் போய் எடுத்து வந்தது. எடுத்தாள். ஒரு மடிப்பைப் பிரித்து முழம் போட்டாள். ஒன்பது. சரியாக இருந்தது.

மூடப்போனவள் கண்ணில் அடியில் கிடந்த காகிதப் பொட்டலம் பட்டது. அதே கடைக் காகிதம். அதே சணல் கட்டு. ஒரு ஓரம் கிழிந்து வெள்ளை தெரிந்தது.

பிரித்தாள்.

வெள்ளைச் சேலை. கரை இல்லை, ஒரு நூல் சாயம் இல்லை. ஒன்றில்லை, ரெண்டு சேலை.

ஐயோ பாவம், மனுஷன் முன்யோசனைக்காரர். ஈஸ்டர் முடிந்து விஷயத்தைச் சொல்லும்போது வெள்ளைச் சேலைக்குத் தனியாகத் திண்டுக்கல் ஓடவேண்டுமே என்று, ஒரே நடையாக, சேசுநாதருக்குக் கோடி எடுத்த கடையிலேயே மருமகளுக்கும் எடுத்துவிட்டார்! நாலு பேரிடம் வாயைக் கட்டினார், முகத்தைக் கட்டினார். கடைசியில் பெட்டிச் சாவியை மட்டும் அவளுக்கே கொடுத்தனுப்பிவிட்டார். ஆசந்திச் சண்டையில் புத்தி முழுக்கக் கோயிலில் இருந்தது.

ரோஸ்மேரி அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. சேலையை மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப செத்துப் போயிட்டீகளா?" என்று கேட்டாள். பக்கத்தில் இருக்கிறவனைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

ஏழு மாசம். அவனைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது ரொம்பக் கொஞ்சம். காட்டிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "தண்ணி, புள்ள" என்பான். ஒரு நாளும் பேர் சொன்னதில்லை, புள்ளதான். கப்பலுக்குப் போகிறதுக்கு முந்தின நாள் அவனுக்கு உத்தரியம் தைத்தாள். மாதா படம் வைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்கிற பழுப்புத் துணி. பழுப்பு நூல் தீர்ந்து போய், ஒரு ஓரத்தை மட்டும் சிவப்பு நூலால் தைத்தாள். "அசிங்கமா இருக்கு, பிரிச்சுத் தாரேன்" என்றதற்கு, "இருக்கட்டும் புள்ள, கூட்டத்துல தொலைஞ்சாலும் என்னதுன்னு தெரியும்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு எட்டு வருஷம் ஓட்டிவிட்டாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

ராயப்பதுரை உள்ளே வந்தார். திறந்த பெட்டியைப் பார்த்தார். மருமகள் மடியைப் பார்த்தார். அறுபத்தெட்டு வயதுக்கு நிமிர்ந்தே நடந்த மனுஷன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார்.

"எப்ப மாமா?"

கிழவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"எப்பன்னு கேக்குறேன்."

"மார்கழிக் கடைசியில. பொங்கலுக்கு ரெண்டு நாளைக்கு முன்ன." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "படகுல வாரப்ப மறிச்சிருக்கானுக. எந்தப் பக்கத்துக்காரன்னுகூடத் தெரியல. ஆத்தங்கரையில பரீது பாயிதான் நின்னு அடக்கம் பண்ணியிருக்காக. சாமியார் கெடைக்கல. அவுக துவா ஓதி மண்ணு போட்டாகளாம்."

"பதினஞ்சு நாளா உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"பதினஞ்சு நாளா நான் மஞ்சள் பூசுறதப் பாத்துக்கிட்டு இருந்தீக. நேத்து 'கண்ணாடி வளையல் ரெண்டு கூடப் போட்டுக்க தாயி'ன்னு சொன்னீக."

கிழவர் பொட்டென்று கட்டிலில் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு ஒரு நாள் தாயி. ஒரே ஒரு நாள். துக்கம்னு தெரிஞ்சா கோடி கீழ வீட்டுக்குப் போயிரும். எங்க அப்பாரு அதுக்காகக் குத்து வாங்கினவரு. ஜமீன் போச்சு, காடு போச்சு, மகனும் போயிட்டான். இது ஒண்ணுதான் எனக்கு மிச்சம் இருக்கு. மூணு மணிக்கு அதைப் போத்திட்டா, அடுத்த பெரிய வெள்ளிக்குள்ள துக்கம் கழிஞ்சிரும், தட்டுத் தூக்க ஒறவுல வேற மருமக ஒருத்தியப் பாத்துக்கலாம். நீ தட்ட மட்டும் தூக்கிரு. ஈஸ்டர் முடிஞ்ச மறுநாளு நானே ஊரக் கூட்டிச் சொல்றேன்."

"தாலி அறுத்தவ பூ வச்சுக்கிட்டுத் தட்டுத் தூக்கலாமா மாமா? நாளைக்கு ஊருக்குத் தெரியுறப்ப யாரத் திட்டுவாக? உங்களையா, என்னையா?"

அதை விட்டுவிட்டு அவர் வேறொன்று சொன்னார். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

"இன்னிக்குக் கோயில்ல எல்லாப் பொம்பளையும் அழுவாளுக தாயி. மாதாவுக்காக ஒப்பாரி வைப்பாளுக. நீயும் சேந்து எம்புட்டு வேணும்னாலும் அழுதுக்க. ஏன் அழுகுறேன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாக."

இதையும் யோசித்து வைத்திருக்கிறார்! மருமகள் அழுகைக்குக்கூட ஒரு மறைவிடம் பார்த்து வைத்திருக்கிறார். புருஷனுக்கு அழுகிற அழுகையையும் திருட்டுத்தனமாக அழவேண்டுமா?

ஆனால் குரல் உயரவில்லை. "அவுக கழுத்துல உத்தரியம் இருந்திருக்குமே. அது வந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"அது... வரல." கிழவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சேல எதுக்கு ரெண்டு?"

அதற்கும் அவர் திரும்பவில்லை. "மாத்திக் கட்ட வேணாமா?" என்றார்.

ரோஸ்மேரி எழுந்தாள். "சரி மாமா. தூக்குறேன்" என்றாள்.

கிழவருக்கு நம்ப முடியவில்லை. எழுந்து வந்து அவள் தலையில் கைவைத்தார். "நீ அரண்மனை மருமக தாயி" என்றார். பாவி மனுஷன், அதை ஆசீர்வாதம் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னார்.

மணி ரெண்டரைக்கு மரக்கட்டை தட்டுகிற சத்தம் கேட்டது. பெரிய வியாழன் ராத்திரியிலிருந்து கோயில்மணி அடிக்க மாட்டார்கள், கட்டையைத்தான் தட்டுவார்கள். டொக், டொக், டொக் என்று அது தெருத்தெருவாகப் போனது. ரோஸ்மேரி கதவைச் சாத்திக்கொண்டு தட்டைத் தயார் பண்ணினாள். சாம்பிராணி காட்டினாள். பூவைத் தலையில் வைக்கும்போது மட்டும் கை மேலே எழும்ப மாட்டேன் என்றது. மாயம்மாள்தான் வைத்துவிட்டாள். "மகராசியா இருங்க நாச்சியா, அடுத்த வருசம் ஒங்க வீட்டுக்காரக வந்துருவாக" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்.

வெயில் மண்டையைப் பிளந்தது. வெறுங்காலோடு, தலையில் தாம்பாளம், மாமனார் முன்னால் போக அவள் பின்னால் போனாள். தெருவில் நின்ற பொம்பளைகள் வழிவிட்டார்கள். புதுசாகக் கல்யாணமான ஒரு பெண் ஓடிவந்து ரோஸ்மேரியின் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தட்டுத் தூக்குகிறவள் தாலியைத் தொட்டால் புருஷனுக்கு ஆயுசு கெட்டி என்று அந்த ஊரில் ஒரு பேச்சு. ரோஸ்மேரிக்குத் தொடாதே தொடாதே என்று கத்தவேண்டும் போல இருந்தது.

கோயிலுக்குள் மூச்சு முட்டுகிற கூட்டம். இடது பக்கம் கீழரண்மனை ஆட்கள், வலது பக்கம் மேலரண்மனை ஆட்கள். நடுவில் வகிடு எடுத்த மாதிரி ஒரு பாதை. இடது பக்கம் முதல் ஆளாகச் சின்னப்பதுரை கைகட்டி நின்றார். கறுப்புச் சேலை உடுத்திய வியாகுல மாதா சுரூபத்தைச் சுற்றிப் பெண்கள் மாரில் அடித்து அழுதுகொண்டிருந்தார்கள்.

"நான் பெத்த மவராசா, ஒன்ன ஆணியில தச்சாகளே!"

கிழவர் சொன்ன மாதிரியே ஊரே அழுதது. ரோஸ்மேரி மட்டும் அழவில்லை. பக்கத்தில் நின்ற சோலையம்மாள் அழுகைக்கு நடுவிலேயே ஓரக்கண்ணால் அவளைப் பார்த்து, "கல்லு மனசு!" என்று பக்கத்துக்காரியிடம் முணுமுணுத்தாள்.

சிலுவையில் ஏணி சாத்தினார்கள். ஆணியைப் பிடுங்கினார்கள். சுரூபத்தின் கைகள் ரெண்டும் பொத்தென்று விழுந்தன. பல வருஷமாகப் பார்க்கிற காட்சிதான். இன்றைக்கு அந்தக் கை விழுந்தபோது, ஆத்தங்கரை மணலில் எந்தக் கை எப்படி விழுந்ததோ என்று ரோஸ்மேரிக்குத் தோன்றிவிட்டது. தாம்பாளத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

உடம்பை ஆசந்திப் பாடையில் கிடத்தினார்கள். சாமியார் விலகி நின்று ராயப்பதுரையைப் பார்த்துத் தலையசைத்தார்.

ராயப்பதுரை மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு திரும்பினார். ரோஸ்மேரி தட்டை நீட்டினாள். அவர் துணியை எடுத்துச் சுரூபத்தின் கால்மாட்டில் வைத்து விரித்தார். ஒரு மடிப்பு, ரெண்டு மடிப்பு, மூன்று. முழங்கால், வயிறு, நெஞ்சு. முகம் வரைக்கும் வந்தாச்சு. ஒன்பது முழம் அங்கே முடிந்துவிடவேண்டும்.

முடியவில்லை.

கிழவர் கையில் இன்னும் பாதித் துணி இருந்தது. பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது. ஒப்பாரி வைத்த பெண்கள் ஒவ்வொருத்தியாக நிறுத்தினார்கள். துணியின் நீளம் பொம்பளைகளுக்குக் கண்ணாலேயே தெரியும். பதினாறு முழம். கரையில்லாத வெள்ளை.

"ஏ ஆத்தா, அது வெள்ளச் சேலையால்ல இருக்கு!" என்றாள் சோலையம்மாள்.

கிழவர் மெள்ளத் தலையைத் தூக்கி மருமகளைப் பார்த்தார். அவள் தட்டைக் கீழே வைத்தாள். தலையிலிருந்த பூவை இழுத்தாள். நாலு முழமும் ஒரே இழுப்பில் வரவில்லை, முடியோடு சிக்கிக்கொண்டு பிய்ந்து பிய்ந்து வந்தது. வந்தவரைக்கும் ஆசந்தியின் மேல் வைத்தாள்.

"எம் புருசன் செத்துப் போயிட்டாக" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. கோயிலில் அத்தனை பேருக்கும் கேட்டது.

ராயப்பதுரை நினைத்திருந்தால் துணியைச் சுருட்டியிருக்கலாம். தட்டு மாறிப்போச்சு, மருமகளுக்குக் கிறுக்குப் பிடிச்சுப்போச்சு என்று என்னவாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவர் கையில் இருந்த மிச்சச் சேலையையும் சேசுநாதர் மேலேயே ரெண்டாம் சுற்றாகப் போர்த்தினார், ஒரு சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டார். நீவிக்கொண்டே வந்து முகத்தருகே நின்றவர், "சந்தியாகு... ஏலே சந்தியாகு!" என்று அலறிக்கொண்டு பாடை மேலேயே விழுந்தார்.

பதினைந்து நாள் பூட்டி வைத்த அழுகை. ஊர் பார்த்துக்கொண்டு நின்றது.

சின்னப்பதுரை நடுப்பாதையைத் தாண்டி வந்தார். அண்ணனைத் தோளைப் பிடித்துத் தூக்கினார். "துக்கக்காரங்க தொடக்கூடாது. விலகிக்கண்ணே" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்திருந்தால்கூட ராயப்பதுரைக்கு ஒரு பிடிமானம் இருந்திருக்கும். தெரியவில்லை. இரக்கம்தான் தெரிந்தது. மூன்று தலைமுறையாகக் குத்தும் வெட்டுமாகக் கிடந்த முன்கொம்பைச் சின்னப்பதுரை சத்தமில்லாமல் தோளில் வாங்கிக்கொண்டார். ஆசந்தி நகர்ந்தது. டொக், டொக், டொக்.

கிழவர் காலியான இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ரோஸ்மேரிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்தாலும் கிட்டப் போகவில்லை. பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே வந்தாள். இனி அழலாம். எட்டு வருஷம் அவன் பெண்டாட்டி என்று சொல்லிக்கொள்ள அவளிடம் ஒரு கயிறு தவிர ஒன்றும் இல்லை. இன்றைக்கு ஊர் முன்னால் சொல்லியாச்சு. ஊருக்கே தெரிய அவனுக்காக அழுகிற உரிமை ஒருத்திக்குத்தான், அது தனக்குத்தான். வேப்பமரத்து நிழலில் போய் உட்கார்ந்து கத்தி அழவேண்டும் என்று நடந்தாள்.

மரத்தடியில் ஒரு கூட்டுவண்டி நின்றது. வண்டிக்குப் பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சேக் பரீது நின்றார்.

"தாயி..." என்றவர் அவளுடைய வெறுந்தலையைப் பார்த்துவிட்டு, "தொர சொல்லிட்டாரா? நல்லது. பதினஞ்சு நாளாச்சே, எல்லாஞ் சொல்லியிருப்பாருன்னுதான் நானும் நெனச்சேன்" என்றார். "ஈஸ்டர் கழிச்சுத்தான் கூட்டியாரச் சொன்னாரு. ஆனா இது மூணு நாளா சோறு தண்ணியில்லாம அழுதுச்சு. பெரிய வெள்ளிக்குக் கோயிலுக்குப் போகணுமாம். எங்க அக்கா ரம்ஜான் பீவிதான், 'அல்லாவுக்குப் பொதுவா ஒரு பொம்பளைய அழ வுடாத, வண்டியக் கட்டு'ன்னுருச்சு. வந்து சேரத்தான் நேரமாயிருச்சு."

"யார, பாய்?"

பரீது அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "யா அல்லா" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

கோயில் சுவரோரமாகச் சுடு மணலில் ஒரு பெண் முட்டிபோட்டு இருந்தாள். யாரோ கொடுத்த பச்சைச் சேலையைக் கட்டத் தெரியாமல் சுற்றியிருந்தாள். சின்னக் கண், உருண்டை முகம், இந்தப் பக்கத்து முகமில்லை. வயது இருபத்திரண்டு இருக்கும். கைகூப்பி ஏதோ பாஷையில் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஆறு வருசமா தாயி" என்றார் பரீது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அங்க கோயில்ல வச்சுத்தான் சந்தியாகு தொர கட்டிக்கிட்டாரு. ஏற்கெனவே ஒருத்தங்க இருக்காங்கன்னு அந்தப் புள்ளைக்குத் தெரியாது. கப்பல்ல வாரப்பதான் நான் சொன்னேன். ஊரு எரிஞ்சு போச்சு, சனமெல்லாம் செத்துப் போச்சு. எங்க கொண்டு போயி வுடுறது நான்?"

அந்தப் பெண் எழுந்து திரும்பினாள். அவள் கழுத்தில் ஒரு பழுப்பு உத்தரியம் தொங்கியது. வெயிலில் வெளுத்து, வியர்வையில் கறுத்து. மூன்று ஓரம் பழுப்பு நூல். ஒரு ஓரம் சிவப்பு.

ரோஸ்மேரி அழவில்லை. அழுகை எங்கே போனது என்றே தெரியவில்லை.

அந்தப் பெண் கிட்டே வந்தாள். உதடு வெடித்திருந்தது. எதிரில் நிற்பது யார் என்று அவளுக்குத் தெரிந்ததோ இல்லையோ, கையைக் குவித்து வாயருகே காட்டி, தனக்குத் தெரிந்த தமிழைச் சொன்னாள். ரெண்டு வார்த்தையையும் சேர்த்து, ஒரே வார்த்தை என்று நினைத்துக்கொண்டு, அவன் சொல்லுகிற அதே இழுப்பில் சொன்னாள்.

"தண்ணிபுள்ள."

தெருக்கோடியில் மரக்கட்டைச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. கோயிலுக்குள் கிழவர் இன்னும் மகன் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார். ரோஸ்மேரி இடுப்பிலிருந்த பெட்டிச் சாவியைத் தொட்டுப் பார்த்தாள். மாத்திக் கட்ட என்று சொல்லித்தானே ரெண்டு சேலை எடுத்து வைத்திருந்தார்! ஒன்றைத்தான் அவளே கொண்டுவந்து சேசுநாதருக்குப் போர்த்தக் கொடுத்துவிட்டாளே. ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பெட்டியில் இப்போது ஒரே ஒரு வெள்ளைச் சேலைதான் இருக்கிறது.

"வா" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். "தண்ணி வீட்டுல இருக்கு."